சங்கத்து நாற்காலியில் செல்லக்கண்ணு

செல்லக்கண்ணு இந்தக் கட்டடத்திலேயே பிறந்தவள். நாலாவது மாடியில், தெருவைப் பார்த்த முன் ஹாலில், குறுக்கே ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு அவள் அம்மா அவளைப் பெற்றாள். அப்போது கட்டடத்துக்கே இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை என்பார்கள். அதனால் இவளுக்குக் கட்டடம் கூடப்பிறந்தது மாதிரி. சுவரில் விரிசல் விட்டால் தனக்கு முதுகு வலிக்கிறது என்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

சண்டைக்கு முன்னால் துறைமுகத்தில் வேலை பார்த்த நம் ஆட்களும், கடை வைத்திருந்த சில பாய்மார்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுப்பிய கட்டடம் இது. ஐம்பத்தோராம் தெருவில் வந்து சங்கக் கட்டடம் எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பர்மாக்காரர்கள் அதின் தைக் என்பார்கள், அதற்கும் அதே அர்த்தம்தான். சங்கம் எப்போதோ போய்விட்டது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பாதிப் பேர் நடந்தே ஊருக்குப் போனார்கள். பிறகு அறுபத்து நாலில் கடைகளையெல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கொண்டபோது மிச்சத்தில் பாதிப் பேர் கப்பல் ஏறினார்கள். காலியான வீடுகளுக்குப் பர்மாக்காரக் குடும்பங்கள் வந்தன. சங்கம் போனாலும் சங்கத்துச் சாமான்கள் போகவில்லை. மொட்டை மாடித் தொட்டி பொது. கீழே தண்ணீர் மோட்டார் பொது. படி விளக்கு பொது. அப்புறம் அந்த நாற்காலியும் பொது.

நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துப் படி செங்குத்து. ஒரு ஆள் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். முடியாதவர்களை எப்படி மேலே கொண்டு போவது? அதற்காகச் சங்கம் வாங்கிப் போட்ட பிரம்பு நாற்காலி அது. இரண்டு பக்கமும் இரும்பு வளையம் இருக்கும். வளையத்தில் மூங்கிலைச் சொருகி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்குவார்கள். பிள்ளை பெற்று வருகிறவள், கால் உடைந்தவன், வாதம் வந்த கிழவன், எல்லோரும் அதில் ஏறியவர்கள்தான். நான் என் மூத்தவனைப் பெற்றுக்கொண்டு வந்தபோது அதில்தான் வந்தேன். தூக்கி முடித்தால் துடைத்துப் படிக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட வேண்டும். பிணத்துக்கு மட்டும் அந்த நாற்காலி கிடையாது. சாகும்வரைக்கும்தான் நாற்காலி, செத்தால் பாடை. இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

நான் மூன்றாவது மாடிக்கு மருமகளாக வந்தபோது செல்லக்கண்ணுவுக்கும் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் இருக்கும். அவள் வீட்டுக்காரர் நல்லையா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்தில் மேஸ்திரி. மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வாய் பேசாத மனுஷன். வாயெல்லாம் இவளுக்குத்தான். கப்பல் போன காலத்தில் அவள் தங்கைமார் இரண்டு பேரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போனார்கள். இவளையும் கூப்பிட்டார்கள். படி வாசலில் நின்று, "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். போய்விட்டு வருவதற்கா போனார்கள்? அவளுக்கு அது தெரியும். அப்படித்தான் சொன்னாள்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசினதும் இல்லை. நல்லையாவுக்கு வேலை போன பிறகு கட்டட வாசலில் தோசைக் கல்லைப் போட்டாள். பர்மாக்காரர்கள் தொஷே தொஷே என்று வந்து நிற்பார்கள். காலையில் அவள் கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுந்திருப்போம். மேலேயிருந்து அவரவர் கயிற்றில் பாத்திரத்தைக் கட்டி இறக்குவோம். அவள் தோசையை வைத்துக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவாள், இழுத்துக்கொள்வோம். யாருடைய பாத்திரத்தில் நேற்றுச் சாப்பிட்ட பிசுக்கு இருந்தாலும் தெருவே கேட்கச் சொல்லுவாள்.

"ஏய் அங்கம்மா, இது பாத்திரமா, எலிப் பொறியா?"

"எலிக்குத்தான்டி வாங்குறேன். மனுஷன் தின்பானா உன் தோசையை?"

இப்படித்தான் எங்கள் நாள் தொடங்கும்.

முதல் மாடியில் ஊ டுன் யீ இருந்தார். பர்மாக்காரர்கள் மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன்னால் ஊ, பெண் பெயருக்கு முன்னால் டோ போடுவார்கள். கவர்மெண்டு ஆபீசில் குமாஸ்தா. கட்டடத்துக்குப் பெரியவர் என்று யாரையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மோட்டாருக்குச் சாவி அவரிடம் இருந்தது, அதனால் பெரியவர் ஆனார். நல்ல மனுஷன், ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. யார் எந்த நாள் படி கூட்டுவது, யாருக்கு எப்போது தண்ணீர், எல்லாம் அவர் சொன்னபடிதான். செல்லக்கண்ணுவுக்கும் அவருக்கும் தினமும் சண்டை, தோசைப் புகை அவர் ஜன்னலுக்குள் போகிறது என்று. அவர் மகன் தெட் நைங் அந்தப் புகையிலேயே வந்து நின்று முதல் தோசையை வாங்குவான். பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. மெலிந்த பையன். இவளை மேமே என்பான். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம்.

எண்பத்தெட்டில், எட்டாம் மாதம், கவர்மெண்டை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் அவனும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனான். குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் செத்தான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாத் தெருவிலும் அப்படித்தான் இருந்தது.

பர்மாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போன உயிரை வீட்டுக்குள் கொண்டு வர மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் செத்தால் ஆஸ்பத்திரியிலேயே வைத்து, அங்கேயிருந்தே எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே கொண்டு வந்தால் வீட்டுக்கு மட்டும் இல்லை, கட்டடத்துக்கே, தெருவுக்கே ஆகாது. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. எங்கே செத்தாலும் வாசலுக்குக் கொண்டு வந்து குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, அந்த வாசல் வழியாக எடுத்தால்தான் மனசு ஆறும். ஆனால் கட்டடத்தில் அவர்கள் பாதி, நாங்கள் பாதி. சங்க காலத்துக்குப் பிறகு அவர்கள் வழக்கமே கட்டடத்தின் வழக்கமாக ஆகிப்போனது. நாங்களும் ஏற்றுக்கொண்டுதான் இருந்தோம்.

தெட் நைங் செத்த அன்றைக்குச் செல்லக்கண்ணு முதல் மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஊ டுன் யீ கதவருகே உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளையைக் கொண்டு வாங்க" என்றாள். "எவன் கேட்கிறான்னு நான் பார்க்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எல்லாருக்கும் சொல்றவன் நான், டோ செல்லக்கண்ணு. என் பிள்ளைன்னதும் மாத்தினா, நாளைக்கு இந்தப் படியில நான் எப்படி நடப்பேன்?" என்றார்.

கொண்டு வரவில்லை. அவன் அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றாள். இரண்டு வருஷத்தில் அவளும் போய்விட்டாள். பிறகு அவர் வீட்டில் அவரும் மகள் மா சூவும்தான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் செல்லக்கண்ணு மாவு ஆட்டிக்கொண்டே சொன்னாள். "என்னை அப்படி வெளியிலேயே வச்சு எரிச்சுடாதீங்க. நான் பொறந்த ஹால்ல குளிப்பாட்டணும். அந்த வாசல் வழியாத்தான் நான் போகணும். நீதான் பார்க்கணும்."

"நான் முந்திக்கிட்டா?"

"நீ முந்த மாட்டே. எமனே வந்தாலும் நீ அவனோட வாதாடிக்கிட்டு நிப்பே."

சரி என்று சொன்னேன். சரி என்று சொன்னால் சரிதான். நான் மாற்றிப் பேசுகிறவள் இல்லை.

நல்லையா வீட்டிலேயே செத்தார். தூக்கத்தில். அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது. அவரை அந்த வாசல் வழியாகத்தான் எடுத்தோம். அதற்குப் பிறகு செல்லக்கண்ணு தனி. நர்கீஸ் புயல் வந்தபோது மொட்டை மாடித் தொட்டி பறந்து பின் சந்தில் விழுந்தது. கரண்டு இல்லை, மோட்டார் இல்லை. பல நாள் எல்லோரும் கயிற்றில் வாளி கட்டித் தண்ணீர் இழுத்தோம். அவளும் நாலாவது மாடிக்கு இழுத்தாள். கொடு நான் இழுக்கிறேன் என்று எந்த ஆம்பிளை வந்தாலும் விடவில்லை. அப்போது நெஞ்சில் ஏதோ பிடித்தது. அது விடவே இல்லை. தோசைக் கல்லை எடுத்து உள்ளே வைத்தாள். அடுத்த வருஷம் முழுக்க அவள் கீழே இறங்கவில்லை. நான் மேலே ஏறிக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன். உப்பு இல்லை என்பாள். உப்பைப் போடுவேன். கரிக்கிறது என்பாள்.

மழை ஓய்கிற சமயம், மூச்சு இழுத்தது. வேண்டாம் வேண்டாம் என்றவளை நாற்காலியில் வைத்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இறங்கும்போதே என் மணிக்கட்டைப் பிடித்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்தேன். ஒரு காலையில் டாக்டர் அம்மா வந்து பார்த்து, இனி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்றால் போகலாம், சீக்கிரம் போங்கள் என்றாள்.

நல்லையாவின் தம்பி மகன் ரெங்கசாமி இன்சீன் பக்கம் லைன் கார் ஓட்டுகிறவன். பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு ஆள் ஏற்றுகிற வண்டி. அதைக் கொண்டு வந்தான். ஒரு பெஞ்சில் அவளைச் சாய்த்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டாவது மாடி சாதிக் பாட்சாவின் மருமகன் கபீர் துணைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெரிய ரோட்டில் சிக்னலுக்கு வண்டி நின்றது. பக்கத்துப் பஸ்ஸில் ஒரு பெண் நாவல்பழம் தின்று கொட்டையை வெளியே துப்பிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோது செல்லக்கண்ணு இல்லை. அவ்வளவுதான். வண்டி இன்னும் நகரக்கூட இல்லை.

கபீர் என் முகத்தைப் பார்த்தான். எழுந்தான், உட்கார்ந்தான்.

ரெங்கசாமி முன்னாலிருந்து கேட்டான். "அத்தை, பெரியம்மா எப்படி இருக்காங்க?"

"ஓட்டு" என்றேன்.

"அத்தை..."

"ஓட்டுடா. வீட்டுக்கு ஓட்டு."

எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது. கண்ணை மூடிவிட்டேன். பையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன தனக்கா கட்டி இருந்தது, சந்தனம் மாதிரி இங்கே எல்லோரும் முகத்தில் பூசுவது. தண்ணீர் விட்டு உள்ளங்கையிலேயே தேய்த்து அவள் கன்னத்தில் இரண்டு பக்கமும் பூசினேன். காய்ச்சல்காரிக்குக் குளிர்ச்சிக்குப் பூசுவதுதானே. முகத்து நிறம் மறைந்தது. வாய் திறந்திருந்தது. என் துண்டை எடுத்து மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் கட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன், நாடிக்கட்டு கட்டிவிட்டோமே என்று. கைக்குப் பழக்கம், எத்தனை பேருக்குக் கட்டின கை. அவிழ்த்தால் வாய் திறக்கும். பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மேலே ஒரு போர்வையைச் சுற்றினேன்.

கபீர் மெதுவாகச் சொன்னான். "அத்தை, ஊ டுன் யீ வீட்டுல மா சூவுக்கு இது நிறைமாசம். இந்த நேரத்துல பிணத்தை அவங்க வாசலைத் தாண்டி..."

"யாருடா பிணம்?" என்றேன். "செல்லக்கண்ணு வீட்டுக்குப் போறா. வீட்டுல போய்ச் சாவா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொன்னது எனக்குத் தெரியாதது இல்லை. மா சூவுக்கு இரண்டு தடவை கலைந்து நின்ற பிள்ளை. நான்தான் அவளுக்கு வாரத்துக்கு ஒரு நாள் கருவேப்பிலைத் துவையல் கொடுத்தனுப்புகிறவள். அதுவும் தெரியும், இதுவும் தெரியும். சொன்ன சொல் இவளிடம்தான் இருந்தது.

கட்டட வாசலில் வண்டி நின்றது. நடுப்பகல், எல்லோரும் வீட்டில். ரெங்கசாமி நாற்காலியை எடுக்கப் போனான். அதற்குள் ஊ டுன் யீ அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து வண்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

"டோ செல்லக்கண்ணுவுக்கு எப்படி?"

"மருந்து கொடுத்துத் தூங்கவச்சிருக்காங்க" என்றேன். "பல்வலி வேற."

"பாவம், பாவம்." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "கபீர், நீ வண்டியில கெடந்து வந்திருக்கே, களைச்சுப் போயிருப்பே. நான் பின்னால பிடிக்கிறேன். ரெங்கசாமி முன்னால ஏறட்டும்."

"வேண்டாம், உங்களுக்கு எதுக்கு? வயசாகலையா?" என்றேன்.

"எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன். இவங்களை விட்டா எனக்குப் புகை போட யாரு இருக்கா?" என்று சிரித்தார்.

வற்புறுத்தினால் சந்தேகம் வரும். நானும் கபீரும் போர்வையோடு அவளை எடுத்து நாற்காலியில் வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு சேலையால் கட்டினோம். விழாமல் இருக்க எப்போதும் கட்டுவதுதான். ரெங்கசாமி முன் மூங்கிலைப் பிடித்துப் பின்பக்கமாக ஏறினான். ஊ டுன் யீ கீழே, பின் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டார். கனம் முழுக்கக் கீழே பிடிக்கிறவருக்குத்தான். நான் பின்னால் ஏறினேன்.

"டோ செல்லக்கண்ணு," அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். "சீக்கிரம் எழுந்திருங்க. கீழே ஒருத்தி தொஷேன்னு சொல்லி ஏதோ விக்கிறா. வாயில வைக்க முடியலை."

ரெங்கசாமி முகம் சுவர் மாதிரி இருந்தது.

முதல் மாடியில் அவர் கதவு திறந்திருந்தது. மா சூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். "மேமே" என்று கூப்பிட்டாள். அண்ணன் கூப்பிட்டதை அவளும் கூப்பிடுவாள். நான் நடுவில் வந்து, "உள்ளே போ, உள்ளே போ, படியில தூசி" என்றேன். போனாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சாதிக் பாட்சா நின்றிருந்தார். குடைக்கடை வைத்திருந்தவர், வயதாகி வீட்டோடு இருக்கிறார். வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றவர், நாற்காலி தன் முகத்துக்கு நேரே வந்ததும் அந்தத் துண்டைப் பார்த்தார். மோவாயைச் சுற்றி உச்சியில் முடிச்சு. எத்தனை மய்யித்துக்கு அவர் கட்டியிருப்பார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன்."

முழுசாகச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் வாயில் கையை வைத்தார். ஐம்பத்தோராம் தெருவில், சாவு என்றால் பாய்மார்கள் சொல்கிற அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத பர்மாக்காரர் யார்? மய்யித்து வண்டி போகும்போதெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்.

நாற்காலி நின்றது. ஊ டுன் யீ நிறுத்திவிட்டார். திருப்பத்தில், இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில், அவள் கனம் முழுக்க அவர் தோளில்.

"யாரு, சாதிக் பாட்சா?" என்று கேட்டார். "யாரு போய்ட்டாங்க?"

"யாரும் இல்லை, ஊ டுன் யீ." சாதிக் பாட்சாவுக்கு நாக்குக் குழறியது. "ஒரு சாமான் தொலைஞ்சாலும் நாங்க அதைச் சொல்றதுதான். கண்ணாடி. என் கண்ணாடியைக் காணோம்."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

ஊ டுன் யீ அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் கையைப் பார்த்தார். போர்வையிலிருந்து வெளியே வந்து, நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் கன்னத்தை அதில் வைத்தாரா, நாற்காலி ஆடியதில் பட்டதா, எனக்குத் தெரியாது. பட்டது.

கீழே இறக்கு என்று சொன்னால் இறக்கத்தான் வேண்டும். அவர் சொல்லை மீறி அந்தப் படியில் யாரும் எதையும் செய்தது இல்லை. கீழே மா சூ யாரிடமோ பேசுவது கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"நல்லாத் தேடுங்க. வீட்டுலதான் இருக்கும்" என்று சாதிக் பாட்சாவிடம் சொன்னார். ரெங்கசாமியிடம், "தூக்கு" என்றார்.

தூக்கினார்கள். என் மாடி வந்தது, போனது. நாலாவது மாடியில் கதவைத் திறந்தேன். முன் ஹாலில் பாயைப் போட்டு இறக்கினோம். அவர் மூங்கிலை வளையத்திலிருந்து உருவி, நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ரெங்கசாமி உள்ளே சமையல்கட்டுக்குப் போய் அங்கே அழுதான். நான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஊ டுன் யீயிடம் கொடுத்தேன்.

குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "வார்டு ஆபீசுல நான் சொல்லணும். எப்போ?"

"இப்போதான்" என்றேன். "தண்ணி கேட்டா. ரெண்டு மடக்குக் குடிச்சா."

"யாரு கொடுத்தது?"

"நான்."

"இங்கே? இந்தப் பாயிலே?"

"இந்தப் பாயிலே."

"சரி" என்றார். டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"ரொம்பக் கனம்" என்றார். "என் பையன் இவ்வளவு கனம் இல்லை. ஒரு ஆள் போதும். நான் ஒருத்தனே தூக்கியிருக்கலாம்."

நான் பாயருகே போய்ச் செல்லக்கண்ணுவின் மோவாய்த் துண்டை இறுக்கிக் கட்டினேன்.

அவர் தண்ணீரைக் குடித்தார். எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதை ஆணியில் மாட்டவில்லை. பின் சந்துக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாயந்திரத்துக்குள் மா சூவை ஊருக்கு வெளியே மாவ்பியில் அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே காற்று நன்றாக இருக்கும் என்று அவளிடம் சொன்னாராம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் டாக்சியில் ஏறியதையும் பார்த்தேன். பிள்ளை மாவ்பியில்தான் பிறந்தது. ஆண் பிள்ளை, நன்றாக இருக்கிறது. அந்தச் சேதி வரும்வரைக்கும் நான் எதையும் ருசி பார்த்துச் சாப்பிடவில்லை. அதற்காகச் செய்தது தப்பு என்றும் நினைக்கவில்லை.

செல்லக்கண்ணுவைப் பிறந்த ஹாலிலேயே குளிப்பாட்டினோம். நானும் இன்னும் இரண்டு பெண்களும். எல்லோரும் ஒரு பிடி அரிசி போட்டார்கள். மா சூவைத் தவிரக் கட்டடம் முழுக்க வந்தது, பர்மாக்காரர்களும் வந்தார்கள். வீட்டில் செத்தவளுக்கு வராமல் எப்படி இருப்பார்கள்? சாதிக் பாட்சா வந்து வாசலில் நின்றார், கண்ணாடியைப் போடாமல். மறுநாள் காலையில் அந்த வாசல் வழியாக எடுத்தோம். திருப்பத்தில் பாடையை நிமிர்த்தித்தான் இறக்க வேண்டும். அவள் நின்றுகொண்டு இறங்குகிற மாதிரி இருந்தது. பெண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. வண்டி தெரு முனை திரும்பினதும் நான் ஹாலைக் கழுவிவிட்டேன்.

அது அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம், சித்திரையில் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருநாள் கழிந்து, வெயில் கொளுத்துகிற நேரம். என் எதிர்வீட்டு டோ மியாவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். திடீரென்று. நாற்பது வருஷம் ஒரே படியில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள் நாங்கள். அவள் ஊ டுன் யீயிடம் போய்க் கேட்டிருக்கிறாள், ஒரு ராத்திரி மட்டும் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று. முடியாது என்றிருக்கிறார். அவள் கத்திக்கொண்டே ஏறி வந்தாள். அவரும் பின்னால் வந்தார். கதவுகள் திறந்தன.

"கலாமாவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்றாள் டோ மியா. கோபம் வந்தால் நம் பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். "அவளை எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு படி முழுக்கப் பேசுறாங்க."

"அவங்க வீட்டுல செத்தாங்க" என்றார் ஊ டுன் யீ. குரலே இல்லை.

"பொய்."

டோ மியா என் பக்கம் திரும்பினாள். தலை அவிழ்ந்திருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டோ அங்கம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க கூட இருந்தீங்க. உங்க சாமிமேல சொல்லுங்க. செல்லக்கண்ணு எங்கே செத்தா?"

உண்மையைச் சொன்னால் இவள் புருஷன் வீட்டுக்கு வருவான். ஊ டுன் யீ அந்தப் படியில் இனி நடக்க முடியாது. பிள்ளையை வெளியே விட்டவர், பக்கத்து வீட்டுக்காரிக்காகத் தோள் கொடுத்தார் என்று ஆகிவிடும். அவர் என்னைப் பார்க்கவில்லை. படி விளக்கின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைத்தார்.

"வீட்டுலதான்" என்றேன். "தண்ணி கேட்டா. நான் கொடுத்தேன்."

இன்றைக்கும் கட்டடத்தில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

டோ மியா என் கையை விட்டாள். உள்ளே போய்த் தலையை வாரி முடிந்துகொண்டு, அவருக்குப் போடுவதற்கு ஒரு நல்ல சட்டையும் லுங்கியும் எடுத்து, பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஊ டுன் யீ சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அவள் இறங்கிப் போனாள்.